நிரல் கற்கும் நம் பிள்ளைகள்: தானே கற்றலும் கூடிக் கற்றலும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் வழக்கமாகப் பௌத்தம் பேசப்படும், இலக்கியம் பேசப்படும், பூர்வ வரலாறு பேசப்படும். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேறொன்று. கல்லூரியில் கணினியைப் பாடமாகப் படிக்காத நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் தாமாகவே நிரல் எழுதக் கற்று மென்பொருள் வேலைக்குப் போக முயல்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசப்போகிறோம். அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் சிலர், “இதற்கும் பண்டிதருக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டார்கள். தொடர்பு இருக்கிறது.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. மறு ஆண்டு ‘தமிழன்’ எனப் பெயர் மாறி, 1914இல் அவர் மறையும் வரை அவர் ஆசிரியராக இருந்து நடத்தினார். அந்தக் காலத்தில் அச்சு எந்திரம்தான் அறிவை ஊருக்கு ஊர் கொண்டுசென்ற தொழில்நுட்பம். அதை நம் முன்னோர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கைக்கொண்டார்கள். ஆனால் பண்டிதர் தனியாக அதைச் செய்யவில்லை. கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் இறங்கி வேலை செய்த நம் மக்கள் அந்த இதழைப் படித்தார்கள், ஆதரித்தார்கள். பிற்காலத்தில் அவருடைய எழுத்துகளை நூலாக்கிக் காத்ததும் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைதான். பண்டிதரின் புலமைக்குப் பின்னால் இப்படியொரு கூட்டம் நின்றது.

இன்று நாம் சொல்ல வந்ததும் அதுவே. நிரலாக்கப் பாடம் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படித்து முடிக்கத் தேவையான மற்றவை இலவசமாகக் கிடைப்பதில்லை. அந்த மற்றவற்றைக் கூட்டாகச் சேர்த்துத் தருவது நம்மைப் போன்ற அமைப்புகளின் வேலை. ‘தானே படித்து முன்னேறு’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இலவசமாக இருப்பதும் இல்லாததும்

முதலில் இலவசமாக இருப்பதைப் பார்ப்போம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘சிஎஸ்50’ என்ற கணினி அறிவியல் தொடக்கப் பாடத்தை இணையத்தில் யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். ‘ஃப்ரீகோட்கேம்ப்’ தளத்தில் பாடமும் பயிற்சியும் ஒன்றாக இருக்கின்றன. ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் ‘என்பிடெல்’ வழியே கிடைக்கின்றன. தமிழில் ‘கணியம்’ இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவருகிறது. லினக்ஸ், மைசீக்வல் போன்றவற்றுக்கு எளிய தமிழில் நூல்களையே இலவசமாகத் தந்திருக்கிறார்கள். விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி நடத்துகிறது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தால் நம் சேரிகளிலும் காலனிகளிலும் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு இவற்றில் ஒன்றுகூட இல்லை. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

இனி இலவசமாக இல்லாதவை. முதலாவது நேரம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று ஓர் ஆண்டு விடாமல் உட்கார்ந்தால் 730 மணி நேரம் ஆகிறது. முன்பின் கணினி தெரியாத ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்கும் நிலைக்கு வர, ஏறத்தாழ அவ்வளவு உழைப்பு தேவைப்படுவதை எங்கள் மாலை வகுப்பில் பார்த்துவருகிறோம். பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பும் தம்பி அந்த இரண்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பார்? தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறார். தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளைக்கு அந்தத் தூக்கமும் மிச்சமில்லை.

இரண்டாவது இடம். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், தொலைக்காட்சி ஓடுகிறது, குழந்தை அழுகிறது. நிரல் எழுதும்போது நான்கைந்து விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்திவைக்க வேண்டும். நடுவில் ஒருமுறை எழுந்து போனால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மேசையும் அமைதியான இரண்டு மணி நேரமும் நம் வீடுகளில் அரிய பொருள்கள்.

மூன்றாவது ஆங்கிலம். இதில் நம் பிள்ளைகள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். பைத்தான் மொழியின் அடிப்படைச் சொற்கள் மொத்தம் 35தான். இஃப், எல்ஸ், ஃபார், வைல் என்று எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியில் படித்தவர் அவற்றை ஒரு வாரத்தில் பழகிவிடுவார். ஆங்கிலம் உண்மையில் தடுக்கும் இடம் நேர்முகத் தேர்வு. அதைத் தனியாகத் தயார்செய்ய வேண்டும்.

நான்காவது, கேட்க ஓர் ஆள். இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அக்கா அமெரிக்காவில், சித்தப்பா பெங்களூரில் என்று இருக்கும் வீட்டில் ஒரு பையன் தடுமாறினால் ஒரு போன் போதும். எந்த மொழியைப் படிப்பது, எதை விடுவது, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று எல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே வந்துவிடும். சமூகவியலில் பியர் பூர்தியூ இதைப் பண்பாட்டு மூலதனம், சமூக மூலதனம் என்று விளக்கினார். அந்த மூலதனத்தோடு கற்றவர் தன்னைத் ‘தானே கற்றவர்’ என்று சொல்லிக்கொள்ளும்போது வீட்டில் கிடைத்த துணை கணக்கில் வருவதில்லை. அது இல்லாத நம் பிள்ளை பாதியில் நின்றால், அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடுகிறார்கள்.

பிழையைப் படிக்கப் பழகுதல்

எங்கள் மாலை வகுப்பில் நாங்கள் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பைத்தானில் ஒரு வரிக்கு முன்னால் விடும் இடைவெளிகூட இலக்கணம்தான். ஒரே தொகுதிக்குள் மேல்வரிக்கு நான்கு இடைவெளியும் கீழ்வரிக்கு மூன்றும் விட்டால், ‘இன்டென்டேஷன் எரர்’ என்று சொல்லி நிரல் நின்றுவிடும். எந்த வரியில் தவறு என்றும் காட்டும். அனுபவமுள்ளவருக்கு இது ஒரு தகவல். திருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

நம் பிள்ளைகள் பலர் அந்தச் செய்தியைப் படிப்பதே இல்லை. பார்த்தவுடன் மூடிவிடுகிறார்கள். “எனக்கு இதெல்லாம் வராதுண்ணா” என்கிறார்கள். பள்ளியில் சிவப்பு மையைக் கண்டபோதெல்லாம் “உங்களுக்கெல்லாம் எதுக்குடா படிப்பு” என்ற சொல்லும் கூடவே வந்தது. அதனால் பிழை என்றாலே தங்கள்மீது எழுதப்பட்ட தீர்ப்பு என்று அவர்களுக்குப் பழகியிருக்கிறது. ஆகவே எங்கள் வகுப்பின் முதல் இரண்டு வாரமும் வேண்டுமென்றே பிழை செய்யும் வாரங்கள். காற்புள்ளியை எடுத்துவிடு, அடைப்புக்குறியை மூடாமல் விடு, கணினி என்ன சொல்கிறது என்று உரக்கப் படி, பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் விளக்கு. பத்து வகைப் பிழைகளை இப்படிச் சேர்ந்து படித்த பிறகு பயம் விலகுகிறது. தனியறையில் காணொளி பார்த்துக் கற்பவருக்கு இது கிடைப்பதில்லை.

அதன் பிறகு வரும் வரிசை பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. ஒரு மொழியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பைத்தான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட், எதுவானாலும் சரி. மாதத்துக்கு ஒரு மொழி என்று தாவக் கூடாது. மாறிகள், நிபந்தனை, சுழற்சி, செயல்கூறு, பட்டியல் ஆகியவற்றை மூன்று மாதம் கையால் எழுதிப் பழக வேண்டும். பிறகு இணையப் பக்கம் அமைக்கும் எச்டிஎம்எல், தரவுத்தளத்தைக் கையாளும் எஸ்கியூஎல். கூடவே ‘கிட்’ பழக வேண்டும். எழுதிய நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி அது. அந்தப் பதிவுகளை ‘கிட்ஹப்’ தளத்தில் வைத்தால், வேலை தருபவர் திறந்து பார்க்கலாம். கடைசி ஆறு மாதத்தில் முழுமையாக இரண்டு மூன்று வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும்.

என்ன வேலை செய்வது? காணொளியில் வரும் கால்குலேட்டரையே எல்லோரும் செய்கிறார்கள். நாங்கள் நூறு நாள் வேலைக் கூலியைக் கொடுத்தோம். 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், வேலை செய்த 15 நாட்களுக்குள் கூலி தர வேண்டும் என்றது. தாமதமானால் 16ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்பது விதி. ஒரு வாரக் கூலி 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40ஆம் நாள் வந்தால் 25 நாள் தாமதம். இழப்பீடு 22 ரூபாய் 50 காசு. வகுப்பில் இருந்த ஒரு தங்கை இந்தக் கணக்கைச் செய்யும் நிரலை எழுதி, தன் அம்மாவின் அட்டையில் இருந்த தேதிகளையெல்லாம் உள்ளிட்டார். விடை சிறிய தொகைதான். ஆனால், “இது எங்க அம்மாவுக்கு வரவேண்டிய காசு, யாரும் சொன்னதே இல்ல” என்று அவர் சொன்னபோது, நிரலாக்கம் நம் மக்களுக்கு என்ன செய்யும் என்பதை அந்த வகுப்பே புரிந்துகொண்டது. நேர்முகத் தேர்விலும் அவர் இந்த நிரலைப் பற்றித்தான் தடையில்லாமல் பேசினார்.

சாலையின் இரு பக்கம்

அந்த நேர்முகத் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் விலங்கியல் பட்டதாரி. கேட்ட நிரலை எழுதிக் காட்டினார். அதன்பின் கேள்விகள் மாறின. சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்கிறார். அப்பா துப்புரவுப் பணியாளர் என்றார். “சொல்லி அனுப்புகிறோம்” என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. பிறகு வேறொரு சிறிய நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பணியில் சேர்ந்தார். முதல் நிறுவனம் ஏன் அழைக்கவில்லை என்பதற்கு நம்மிடம் ஆவணம் எதுவும் இல்லை. தனியார் துறையில் சாதி இப்படித்தான் ஆவணம் இல்லாமல் நடக்கிறது.

ஆய்வுகள் இருக்கின்றன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் நாளிதழ் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியும் வெவ்வேறு சாதிப் பெயர்களும் கொண்ட விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வின்படி, தலித் பெயர் கொண்டவருக்கு அழைப்பு வரும் சாத்தியம், உயர்சாதிப் பெயர் கொண்டவருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பணியமர்த்தும் மேலாளர்களைச் சந்தித்தார்கள். தகுதி மட்டுமே பார்ப்போம் என்று சொன்ன மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் இயல்பாக ஒப்புக்கொண்டார்கள். ‘தகுதி’ என்ற சொல் நம் நாட்டில் எப்படிச் சாதியின் உடைமையாக மாறியது என்பதைச் சென்னை ஐஐடியை வைத்தே அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் ஒரு நூலாக எழுதியிருக்கிறார்.

கடல் தாண்டினாலும் கதை முடிவதில்லை. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின்மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. ஒரு தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐஐடி சேர்ந்தவர் என்பது சக ஊழியர்களிடம் சொல்லப்பட்டது என்பது புகாரில் ஒன்று. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023இல் இரண்டு மேலாளர்கள்மீதான வழக்கை அரசுத் துறையே விலக்கிக்கொண்டது. ஆனால் அந்த வழக்கு எழுப்பிய பேச்சு அடங்கவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடைசெய்தது.

நம் கண்ணெதிரே இருப்பதையும் பாருங்கள். சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான், நகரத்தின் ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த மக்களை அகற்றி, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரில் குடியேற்றத் தொடங்கினார்கள். பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். ஒரே சாலையின் ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடம், இன்னொரு பக்கம் மறுகுடியமர்வு அடுக்குமாடி. அந்த அடுக்குமாடிகளிலிருந்து காலையில் கிளம்பும் நம் அக்காக்களும் அண்ணன்களும் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நுழைகிறார்கள். துடைப்பத்தோடும் காவலாளிச் சீருடையோடும் நுழைகிறார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினையாக மட்டும் நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கிவைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அதைப் புரிந்துகொள்ள அந்தச் சாலையில் ஒருநாள் காலை நின்று பார்த்தால் போதும்.

இதையெல்லாம் சொல்வது பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுக்க அல்ல. நிரல் கற்றால் சாதி போய்விடும் என்று நம்பி உள்ளே போகிறவர், முதல் அவமானத்தில் தன்னையே சந்தேகிப்பார். கதவில் என்ன இருக்கிறது என்று தெரிந்து போகிறவர், நிலைத்து நிற்பார். அதனால்தான் தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையையும் நிரலாக்க வகுப்பையும் நாம் ஒன்றாகவே நடத்த வேண்டியிருக்கிறது. 2002இல் போபால் பிரகடனம் தனியார் துறையில் தலித்துகளின் பங்கைக் கேட்டது. அந்தக் கோரிக்கை இன்னும் அப்படியே நிற்கிறது.

எச்சரிக்கைகள்

‘மூன்றே மாதத்தில் வேலை, நூறு விழுக்காடு உறுதி’ என்று சுவரொட்டி ஒட்டும் பயிற்சி மையங்களை நம்பி அம்மாவின் தாலியை அடகு வைத்த குடும்பங்களை நமக்குத் தெரியும். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்லர். அதுபோலவே, போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாக வருபவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். பெரிய நிறுவனங்கள் பின்னணியைச் சரிபார்க்கும். பிடிபட்டால் அந்த வேலையோடு அடுத்த வேலைகளும் போய்விடும்.

‘செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுகிறதே, இனி எதற்குக் கற்க வேண்டும்?’ என்ற கேள்வியும் வருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தத் துறை மாறிவிட்டது என்பது உண்மை. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததையும் அறிவோம். தொடக்கநிலை வேலைகள் முன்போல் எளிதில் கிடைக்கப்போவதில்லை. ஆனால் நடு இரவில், கேலி செய்யாமல், பத்தாவது முறையும் பொறுமையாக விளக்கும் ஒரு துணையாக அந்தக் கருவியைப் பயன்படுத்தலாம். அது தந்த நிரலை வரிவரியாக நம்மால் விளக்க முடிய வேண்டும். விளக்க முடியாத நிரலோடு நேர்முகத் தேர்வுக்குப் போனால் இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுவோம்.

நாம் செய்ய வேண்டியது

உழைக்கும் மக்களுக்காகச் சோதிபா பூலேவும் சாவித்திரிபாயும் 1855இல் இரவுப் பள்ளி நடத்தினார்கள். 1894இல் சென்னையில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். நம் ஊர்களிலும் அம்பேத்கர் மன்றங்களும் இரவுப் பாடசாலைகளும் இருந்திருக்கின்றன. பல மன்றங்களின் கட்டடம் இன்று பூட்டிக் கிடக்கிறது, ஏப்ரல் 14 அன்று மாலை போடத் திறக்கிறோம். அந்தக் கட்டடத்துக்கு மின் இணைப்பு, ஒரு நீண்ட மேசை, எட்டு நாற்காலி, இணைய வசதி இவ்வளவும் இருந்தால் அது ஒரு நிரலாக்கக் கூடம். பழைய மடிக்கணினிகளை வீடுகளிலிருந்து சேகரித்து லினக்ஸ் நிறுவினால், அவற்றில் பல இன்னும் சில ஆண்டு ஓடும்.

அந்தக் கூடம் பெண்பிள்ளைகளுக்கும் ஆனதாக இருக்க வேண்டும். அவர்களுக்கு மாலை ஆறு மணி வகுப்பு ஒத்துவராது என்றால் ஞாயிறு காலை வைக்க வேண்டும். வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவிடம் பேச வேண்டும். ‘இன்னும் ஓராண்டு கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள்’ என்று கேட்பதும் நிரலாக்க வகுப்பின் ஒரு பகுதிதான்.

அடுத்து, ஏற்கெனவே இந்தத் துறையில் இருக்கும் நம் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் பலர் அலுவலகத்தில் உங்கள் அடையாளத்தைச் சொல்லாமல் இருக்கிறீர்கள். அதற்கான காரணங்களை நாம் அறிவோம், அதில் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. யாரிடமும் எதையும் அறிவிக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தாருங்கள். ஒரு பிள்ளையின் நிரலைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள். ஒரு மாதிரி நேர்முகத் தேர்வை ஆங்கிலத்தில் நடத்துங்கள். உங்கள் நிறுவனத்தில் காலியிடம் வந்தால் தெரிவியுங்கள், தகுதியானவரைப் பரிந்துரையுங்கள். பலருக்கு வேலை கிடைப்பது அறிமுகமானவர்கள் வழியாகத்தான் என்று மார்க் கிரனோவெட்டர் 1973லேயே எழுதினார். மற்றவர்கள் தலைமுறைகளாக ஒருவருக்கொருவர் செய்துவருவதையே நாமும் செய்யக் கேட்கிறோம்.

மாணவர்களுக்கும் ஒன்று. உங்களுக்கு வேலை கிடைத்த அன்று, வகுப்பை விட்டுப் போய்விடாதீர்கள். அடுத்து வரும் பிள்ளைக்கு ‘இன்டென்டேஷன் எரர்’ என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க உங்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை.

இந்த அரங்கின் வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் மன்றத்தில் எத்தனை நாற்காலி போட முடியும், வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்களால் தர முடியும், இந்த இரண்டையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு முன்பு அந்தப் பதிவேட்டைத் திறந்து, எத்தனை கூடங்கள் தொடங்கின என்று இதே மேடையில் கணக்குக் கேட்போம்.